தேம்ஸ் நதியில் மூழ்காத கைப்பிரதி

தமிழகத்துக்கு வெளியே குடியேறிய தமிழர்களில் எழுதும் ஆசை இல்லாதவர்கள் குறைவு. நம் சங்கத்து அன்பர்களிலேயே, ஆபீஸ் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து உட்காருபவர்களைக் கணக்கெடுத்தால் ஆச்சரியமாக இருக்கும். எழுதி முடிப்பதை யாரும் தடுப்பதில்லை. அதற்குப் பிறகுதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. யாரிடம் கொடுப்பது? யார் அச்சுப் போடுவார்கள்? பதில் வராத கடிதங்கள், "தற்சமயம் இயலவில்லை" என்று வரும் இரண்டு வரிகள், கடைசியில் கைக்காசைப் போட்டு ஐந்நூறு பிரதி அடித்து, அதைக் கல்யாணத் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுத்துத் தீர்ப்பது என்று பலருடைய முதல் நாவல் முடிந்துவிடுகிறது.

இந்தப் பாதையில் நமக்கு வெகு காலம் முன்பே நடந்த ஒரு தமிழரின் கதையைச் சொல்லலாம் என்று தோன்றியது. நம் பெங்களூரிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய மைசூரில் வாழ்ந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், நோட்டுப் புத்தகத்தில் ஆங்கிலம். ஆர். கே. நாராயண் அவர்கள்தாம். அவருடைய பிற்காலப் புகழ் எல்லோருக்கும் தெரியும். முதல் நாவல் அச்சேறிய கதை அவ்வளவாகத் தெரியாது. தெரிந்தவர்களும் கிரஹாம் கிரீன் என்ற ஒரு பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அவருடைய முழுப் பெயர் இராசிபுரம் கிருஷ்ணஸ்வாமி ஐயர் நாராயணஸ்வாமி. இராசிபுரம் இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. பிறந்தது 1906 அக்டோபரில், சென்னை புரசைவாக்கத்தில், பாட்டி வீட்டில். வளர்த்ததும் அந்தப் பாட்டிதான். தகப்பனார் மைசூர் சமஸ்தானத்தில் பள்ளித் தலைமையாசிரியர். ஆகவே பிள்ளை கொஞ்சம் பெரியவனானதும் மைசூருக்கு வந்து சேர்ந்தார். தலைமையாசிரியரின் பிள்ளை என்பதால் பள்ளி நூலகம் அவருக்குச் சொந்த நூலகம் மாதிரி. லண்டனிலிருந்து வரும் பத்திரிகைகள் அனைத்தும் அங்கே வந்தன. பாடப் புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படித்தார். விளைவு என்ன? கல்லூரிப் புகுமுகப் பரீட்சையில் தேறவில்லை. தவறியது ஆங்கிலத்தில்! பிற்காலத்தில் ஆங்கிலத்தில் எழுதியே உலகப் புகழ் பெற்றவருக்கு நேர்ந்த கதி இது. (மார்க் குறைந்ததற்காகப் பிள்ளையைத் திட்டித் தீர்க்கும் பெற்றோர் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.) கையில் வேலை இல்லாத அந்த ஒரு வருஷம் குக்கரஹள்ளி ஏரிக்கரையைச் சுற்றிச் சுற்றி வந்து, மர நிழலில் உட்கார்ந்து கவிதைப் புத்தகங்களைப் படித்ததைத் தன் சுயசரிதையான 'மை டேஸ்' நூலில் சந்தோஷமாகவே எழுதியிருக்கிறார்.

ஒருவழியாக 1930-இல் மஹாராஜா கல்லூரியில் பி.ஏ. முடித்தார். எம்.ஏ. இலக்கியம் சேரலாம் என்று விண்ணப்பத்தோடு கல்லூரிப் படியேறியபோது எதிரே வந்த நண்பர் ஒருவர், இலக்கியத்தின் மேல் உள்ள ஆசை போகவேண்டுமானால் எம்.ஏ. சேர் என்று சொல்ல, பாதிப் படியிலேயே திரும்பிவிட்டார். பிறகு தகப்பனாரின் முயற்சியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. மரப்பொம்மைக்குப் பேர்போன சென்னபட்டணத்தில் அரசுப் பள்ளி. சில நாட்களிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். சமாதானம் செய்து மறுபடி அனுப்பினார்கள். மறுபடியும் திரும்பி வந்தார். அதற்கப்புறம் ஆயுள் முழுவதும் அவர் யாரிடமும் மாதச் சம்பளத்துக்குப் போகவில்லை. நாவலாசிரியன் ஆகப்போகிறேன் என்றார்.

இன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் இப்படிச் சொன்னால் நாம் என்ன செய்வோம்? அது 1930. உலகெங்கும் பொருளாதார மந்தம். பி.ஏ. படித்தவர்கள் குமாஸ்தா வேலைக்கு அலைந்த காலம். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் நாவல் எழுதிப் பிழைத்ததற்கு முன்மாதிரி ஏதும் இல்லை. ஆனாலும் கூட்டுக் குடும்பம் அவரைத் தாங்கியது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் குறைவில்லை. நாராயணின் வெற்றியைப் பற்றிப் பேசுபவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தகப்பனார் வீட்டுச் சோறு இல்லாவிட்டால் 'ஸ்வாமி' இல்லை.

நாவலைத் தொடங்கியது நம் பெங்களூரில். அப்போது பாட்டி இங்கே இருந்தார். பாட்டி பார்த்துச் சொன்ன நல்ல நாள் ஒன்றில், 1930 செப்டம்பரில், ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவந்து எழுத உட்கார்ந்தார். என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது, மால்குடி என்ற ஊரும் அதன் சின்ன ரயில் நிலையமும் மனத்தில் தாமாக வந்து நின்றன என்று பின்னர் எழுதினார். மல்லேஸ்வரத்தின் தலையையும் பசவனகுடியின் வாலையும் ஒட்டி உண்டாக்கிய பெயர் அது என்று நம் ஊரில் இன்றும் பலர் அடித்துப் பேசுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவர் சொன்ன கணக்குப்படி பெயரும் ஊரும் ஒன்றாகவே வந்துவிட்டன.

கதை நமக்கெல்லாம் பழக்கமானதுதான். ஸ்வாமிநாதன் என்ற பள்ளிச் சிறுவன், அவனுடைய தோழர்கள் மணி, ராஜம், சங்கர், சோமு, கண்டிப்பான அப்பா, இருட்டறையில் பெட்டியோடும் ஏலக்காய் மணத்தோடும் படுத்திருக்கும் பாட்டி. இந்தப் பாட்டியை ஆங்கிலத்தில் படிக்கும்போதே நம் காதில் தமிழ்தான் கேட்கிறது. தமிழனாகப் பிறந்து ஆங்கிலத்தில் எழுதலாமா என்று நம் கூட்டங்களில் அவ்வப்போது எழும் கேள்விக்கு, பிரசங்கம் செய்வதைவிட அந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டுவது நல்லது. இன்னொரு சங்கதி. நாவலில் சுதந்திரப் போராட்டக் கூட்டம் ஒன்று வருகிறது. ஸ்வாமி உற்சாகத்தில் பள்ளிக்கூட ஜன்னல் கண்ணாடிகளை உடைக்கிறான். அந்தக் கூட்டம் நடப்பதாக நாராயண் போட்ட தேதி 1930 ஆகஸ்டு 15. பதினேழு வருஷம் கழித்து அந்தத் தேதிக்கு வரப்போகும் மகிமை அவருக்கு எப்படித் தெரியும்! இப்படி ஒரு காட்சி உள்ள புத்தகத்தைத்தான் அவர் வெள்ளைக்காரன் ஊர்ப் பதிப்பகங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஏன் லண்டனுக்கு? அந்த நாளில் தமிழ் நாவலுக்கு ஒரு வழி உண்டாகியிருந்தது. ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் 1893-இல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக ஆரம்பித்து, 1896-இல் புத்தகமாயிற்று. பத்திரிகையில் தொடர், பிறகு புத்தகம் என்ற அந்தப் பாதையில்தான் கல்கி முதலானோரும் வந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதிய இந்தியனுக்கு அப்படி ஒரு ஏணி இங்கே கிடையாது. கைப்பிரதி கடல் கடந்து போகவேண்டும். போய்ச் சேர வாரக்கணக்கு, அங்கே ஒருவர் மேசையில் கிடப்பது மாதக்கணக்கு, திரும்பி வர மறுபடி வாரக்கணக்கு. போக வரத் தபால் செலவு வேறு. ஒவ்வொரு பதிப்பகமாக அது போய்த் திரும்பியது.

இதற்கிடையில் வருமானம் எவ்வளவு என்று அவரே கணக்குக் கொடுத்திருக்கிறார். முதல் வருஷம் ஒரு புத்தக மதிப்புரைக்கு 9 ரூபாய் 12 அணா. இரண்டாம் வருஷம் ஒரு சிறுகதைக்கு 18 ரூபாய். மூன்றாம் வருஷம் குழந்தைக் கதை ஒன்றுக்கு 30 ரூபாய். ஆக மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 57 ரூபாய் 12 அணா.

இந்த வருமானத்தை வைத்துக்கொண்டு அவர் கல்யாணமும் செய்துகொண்டார். 1933-இல் கோயம்புத்தூரில் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்ணைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்தார். பெரியவர்களை விட்டுக் கேட்கச் சொல்லாமல், பெண்ணின் தகப்பனாரிடம் தாமே நேரில் போய்க் கேட்டுவிட்டார்! அந்த நாளில் இது எப்பேர்ப்பட்ட அடாவடி என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஜாதகம் பொருந்தவில்லை. மாப்பிள்ளைக்கு ஏழாம் இடத்தில் செவ்வாய். ஆனாலும் கல்யாணம் நடந்தது. பெண்ணின் பெயர் ராஜம். நாவலில் ஸ்வாமியின் ஆருயிர்த் தோழன் பெயரும் ராஜம்தான். நாவல் முந்தியது, பெண்ணைப் பார்த்தது பிந்தியது.

கல்யாணம் ஆனபின் வீட்டுச் செலவுக்குத் தம் பங்கைத் தந்தாக வேண்டுமே. சென்னையிலிருந்து வந்த 'ஜஸ்டிஸ்' என்னும் ஆங்கில நாளேட்டுக்கு மைசூர் நிருபரானார். பிராமணரல்லாதார் இயக்கத்தின் பத்திரிகைக்கு ஓர் ஐயர் வீட்டுப் பிள்ளை நிருபர். மாதச் சம்பளம் கிடையாது. அச்சான செய்திக்கு அளந்து பணம், ஒரு பத்திக்கு 3 ரூபாய் 8 அணா. ஆகவே கோர்ட், போலீஸ் கச்சேரி, நகரசபை என்று காலை முதல் சுற்றி, கொலை, கொள்ளை, கூட்டம் எதுவானாலும் நீட்டி எழுதி அனுப்புவார். சென்னையில் உதவியாசிரியரின் கத்திரிக்கோல் எவ்வளவு வெட்டுகிறதோ அவ்வளவு வருமானம் போச்சு. பின்னாளில் மால்குடியின் வக்கீல்கள், தரகர்கள், அச்சாபீஸ்காரர்கள் எல்லோரையும் இந்தச் சுற்றலில்தான் அவர் சேகரித்தார் என்று நினைக்கிறேன்.

இனி நம் கதையின் நாயகரிடம் வருவோம். அவர் கிரஹாம் கிரீன் அல்ல. பூர்ணா என்ற மைசூர்க்காரர். நண்பர்களுக்குக் கிட்டு. மேல்படிப்புக்காக ஆக்ஸ்ஃபோர்டு போனவர். போகும்போதே, உன் நாவலுக்கு அங்கே ஒரு பதிப்பாளரைப் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வழியனுப்பப் போகிறவர்களிடம் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான் அது. கப்பல் ஏறியதும் மறப்பதுதான் வழக்கம். பூர்ணா மறக்கவில்லை.

பல பதிப்பகங்கள் நிராகரித்த தட்டச்சுப் பிரதி கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டில் பூர்ணாவிடம் வந்து சேர்ந்தது. இங்கே மைசூரில் நாராயணுக்கு நம்பிக்கை தீர்ந்துவிட்டது. எழுத ஆரம்பித்து நாலைந்து வருஷம். கையில் காசு இல்லை, வீட்டில் புது மனைவி. வெறுத்துப்போய் நண்பருக்கு எழுதினார். இனி அதை யாருக்கும் காட்டவேண்டாம், ஒரு கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று.

பூர்ணா அப்படிச் செய்திருந்தால்? செய்யச் சொன்னது எழுதியவரே. செய்திருந்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வேறொரு நண்பராக இருந்தால் ஆற்றில் போடாவிட்டாலும் பெட்டிக்கு அடியில் போட்டிருப்பார், அதுவும் ஏறக்குறைய அதே கதிதான். படிப்பு, பரீட்சை, வெளிநாட்டுக் குளிர், சொந்தக் கவலைகள் என்று ஒரு மாணவருக்கு ஆயிரம் இருக்கும். பூர்ணா நண்பரின் கடிதத்தை மதிக்காமல், அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் குடியிருந்த கிரஹாம் கிரீனிடம் அந்தப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கிரீன் அன்றைக்குப் பெரிய மனிதர் என்று எண்ணிவிட வேண்டாம். நாராயணைவிட இரண்டே வயது மூத்தவர். முதல் நாவல் நன்றாக ஓடி, அடுத்த இரண்டும் படுத்து, 'ஸ்டாம்பூல் டிரெயின்' மூலம் 1932-இல் மூச்சுவிட்டவர். தோல்வி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர். ஆனாலும் கொடுத்த உடனே அவரும் படிக்கவில்லை. ஊர் ஊராகச் சுற்றிக் களைத்துப்போன அந்தத் தட்டச்சுப் பிரதி வாரக்கணக்கில் தம் மேசையில் படிக்கப்படாமல் கிடந்ததையும், ஒரு மழை நாளில்தான் அதைக் கையில் எடுத்ததையும் அவரே பிற்பாடு எழுதினார். ஆக, அந்த மழைக்கும் நாம் நன்றி சொல்லவேண்டும்.

படித்தவர் விடவில்லை. ஹாமிஷ் ஹாமில்டன் என்ற பதிப்பகத்திடம் சிபாரிசு செய்து ஏற்கவைத்தார். அந்தப் பதிப்பகமும் 1931-இல் தொடங்கிய புதியதுதான். நாவல் ஏற்கப்பட்டது, கிரீன்தான் காரணம் என்று பூர்ணாவிடமிருந்து மைசூருக்குத் தந்தி வந்தது. நதியில் போடச் சொன்னவருக்கு வந்த பதில் இது.

அதோடு முடியவில்லை. நாராயண் வைத்திருந்த தலைப்பு 'ஸ்வாமி, தி டேட்'. டேட் என்பது மாரிஸ் டேட் என்ற இங்கிலாந்துக் கிரிக்கெட் பந்துவீச்சாளர். கதையில் ஸ்வாமிக்குத் தோழர்கள் சூட்டும் பட்டப் பெயர் அது. அந்தத் தலைப்பு எடுபடாது என்று கிரீன் 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' ஆக்கினார். ஆசிரியர் பெயரும் நீளமாக இருந்தது. நாராயணஸ்வாமி, நாராயண் ஆனார். இதைப் பற்றிச் சில அன்பர்கள் வருத்தப்படுவதுண்டு. வெள்ளைக்காரன் வாய்க்காகப் பெயரை வெட்டிக்கொள்வதா என்று. எனக்கு அந்த வருத்தம் இல்லை. போன ஸ்வாமி எங்கேயும் போகவில்லை, புத்தகத் தலைப்பில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறார்.

1935 அக்டோபரில் புத்தகம் வெளிவந்தது. அதே வருஷம்தான் முல்க் ராஜ் ஆனந்தின் 'அன்டச்சபிள்' நாவலும் வந்தது. பத்தொன்பது பதிப்பகங்கள் மறுத்த நூல் அது. ஈ. எம். ஃபார்ஸ்டர் முன்னுரை எழுத, வெளிவந்தது. இந்திய ஆங்கில நாவலின் இரு தூண்களும் ஒரே ஆண்டில், ஆளுக்கு ஓர் ஆங்கில எழுத்தாளரின் தோளைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்றதைப் பெருமை என்பதா, பரிதாபம் என்பதா? இரண்டும்தான்.

சரி, முதல் நாவல் வந்தது, துன்பம் தீர்ந்தது என்று மங்களம் பாட முடியுமா? முடியாது. மதிப்புரைகள் நன்றாக இருந்தன. விற்பனை மோசம். இரண்டாவது நாவலை அதே பதிப்பகம் வேண்டாம் என்றுவிட்டது. ஸ்வாமியே ஓடவில்லை, இது மட்டும் ஓடுமா என்பது அவர்கள் கணக்கு. வியாபாரக் கணக்கில் அவர்களைத் தப்பு சொல்லவும் முடியாது. மறுபடி கிரீன் அலைந்தார். 'தி பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்' 1937-இல் நெல்சன் வெளியீடாக, கிரீனின் முன்னுரையோடு வந்தது. மூன்றாவது 'தி டார்க் ரூம்' 1938-இல் மாக்மில்லன். மூன்று நாவல், மூன்று பதிப்பகம். அந்த 1937-இல்தான் தகப்பனாரும் காலமானார். தாங்கி நின்ற தூண் சாய்ந்தது. 1939-இல் டைஃபாய்டு காய்ச்சலில் மனைவி ராஜம் இறந்துபோனார். கைக்குழந்தையோடு நின்ற நாராயண் சில காலம் எழுதவே இல்லை. அந்தத் துக்கத்தைத்தான் பிறகு 'தி இங்கிலீஷ் டீச்சர்' ஆக எழுதினார். 1945-இல் அதை வெளியிட்ட பதிப்பகத்தில் கிரீனே இயக்குநராக இருந்தார்.

நடுவில் யுத்தம். லண்டன் தபாலை நம்ப முடியவில்லை. நாராயண் என்ன செய்தார் தெரியுமா? மைசூரிலேயே 'இந்தியன் தாட்' என்று தமக்கென்று ஒரு பதிப்பகம் ஆரம்பித்து, 'மால்குடி டேஸ்' கதைத் தொகுப்பை 1943-இல் தாமே வெளியிட்டார். அட்டை, காகிதம், பார்சல், கடைக்காரர் பாக்கி எல்லாம் அவர் தலையில். அவருக்கு அச்சடித்துக் கொடுத்த உள்ளூர் அச்சக நண்பர்தான் பின்னால் 'மிஸ்டர் சம்பத்' நாவலுக்கு மூலம். அந்தப் பாத்திரத்தைத் தமிழ் ரசிகர்கள் அதற்கும் முன்பே 1947-இல் ஜெமினியின் 'மிஸ் மாலினி' படத்தில், கொத்தமங்கலம் சுப்பு உருவத்தில் பார்த்துவிட்டார்கள். கைக்காசு போட்டுப் புத்தகம் அச்சிடுகிறோமே என்று கூச்சப்படும் நம் அன்பர்கள் இந்தப் பத்தியை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

கிரீன், நாராயணின் நாவல்களை வெளியீட்டுக்கு முன் படித்து, சின்னச் சின்ன ஆங்கிலப் பிழைகளைத் திருத்திக் கொடுத்து வந்தார். இருவருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து பல்லாண்டு நடந்தது. கிரீன் 1991-இல் மறைந்தார். நாராயண் 2001 மே மாதம் சென்னையில் மறைந்தார். பூர்ணாவுக்கோ, இலக்கிய வரலாறுகளில் ஓரிரு வரிகள்தான் கிடைத்திருக்கின்றன.

விற்காத அந்த 'ஸ்வாமி' பின்னர் சங்கர் நாக் இயக்கிய தொலைக்காட்சித் தொடரில் வந்து நாட்டையே கட்டிப்போட்டது. ஆகும்பேயில் எடுத்த அந்தத் தொடரைப் பார்க்காத குடும்பம் 1980-களின் பிற்பகுதியில் நம் குடியிருப்புகளில் இருந்திருக்காது. சிவமொக்கா பக்கத்து அரசாளு ரயில் நிலையம் 2020-இல் மால்குடி அருங்காட்சியகமாகவே மாறியது.

மைசூர் செல்லும் அன்பர்கள் யாதவகிரியில் நாராயண் வாழ்ந்த வீட்டையும் பார்க்கலாம். இடிக்கத் தொடங்கி, எதிர்ப்பு எழுந்து நிறுத்தப்பட்டு, செப்பனிட்டு, 2016-இல் நினைவில்லமாகத் திறந்தார்கள். மாடியில் ஜன்னல்கள் சூழ்ந்த அவருடைய எழுத்தறை இருக்கிறது. குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். ஆனால் 'ஸ்வாமி' அந்த அறையில் எழுதப்பட்டதல்ல. நாராயண் அந்த வீட்டைக் கட்டியபோது, புத்தகம் வெளிவந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. லண்டனிலிருந்து பிரதி திரும்பி வந்ததா என்று தபால்காரரை எதிர்பார்த்து அவர் நின்றது லக்ஷ்மிபுரத்து வாடகை வீட்டு வாசலில்.